வித்தும் நிலமும் கத்தியும்

தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிய அச்சங்களுள் ஒன்று, புற்றுக் கட்டியில் கத்தி பட்டால் நோய் உடலெங்கும் பரவிவிடும் என்பதாகும். மலேசியத் தோட்டப்புறங்களும் இதற்கு விலக்கல்ல. மார்பில் சிறு கட்டி தோன்றினால் பெண்கள் அதைக் கணவரிடமும் சொல்லத் தயங்கினர். எண்ணெயும் பற்றும் பத்தியமும் தீர்த்துவிடும் என்று மாதங்களைக் கடத்தினர். இறுதியில் தோட்டத்து டிரஸர் எழுதித் தந்த சீட்டுடன் அவர்கள் நகரத்து மருத்துவமனையை அடையும்போது, நோய் கத்தியின் எல்லையைக் கடந்து சென்றிருக்கும். அறுவைக்குப் பின் அத்தகையோர் ஓராண்டில் மாண்டபோது, லயத்தில் எஞ்சியிருந்தோர் ஒரே முடிவுக்குத்தான் வந்தனர்: "கத்தி பட்டது, பரவிவிட்டது." ஒருவரின் மரணம் அடுத்தவரின் அச்சத்திற்குச் சான்றாயிற்று.

இவ்வச்சத்தைப் பாமரரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் மருத்துவ வரலாறு அவ்வாறு தள்ள இடந்தருவதில்லை. கிரேக்க மருத்துவத்தின் தந்தையெனப்படும் இப்போகிரடீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, உள்ளே மறைந்து கிடக்கும் புற்றைத் தொடாமல் விடுவதே நோயாளியின் ஆயுளுக்கு நல்லது என்னும் கருத்து காணப்படுகிறது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்குப் பின்னர், அறிவியல் இவ்வச்சத்தை மீண்டும் எடுத்துத் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்த்தது. அதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய வரலாறே ஈண்டு ஆராயப்படுகிறது.

கத்தி பெருகிய காலம்

கிரேக்கர் இந்நோயை நண்டு என்றனர். கட்டியைச் சூழ்ந்து புடைத்த நரம்புகள் நண்டின் கால்களாக அவர்களுக்குத் தோன்றின. தமிழர் அதே நோயைப் புற்று என்றனர். மேலே தெரியும் மண்மேட்டை இடித்துவிட்டாலும் உள்ளிருக்கும் கறையான் மீண்டும் கட்டியெழுப்பும் என்பதைக் கண்டறிந்த மக்கள் தந்த பெயர் அது. நோயின் இயல்பு பெயரிலேயே பொதிந்து கிடக்கின்றது எனலாம்.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுக்கும் முறை மெய்ப்பிக்கப்பட்டது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கும் வழியை வெளியிட்டார். வலியும் சீழும் அடங்கவே, அறுவை மருத்துவரின் கை துணிவு பெற்றது. அத்துணிவின் உச்சியில் நின்றவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டட் ஆவார். புற்று, பிறந்த இடத்திலிருந்து அண்டைப் பகுதிக்கும், அங்கிருந்து அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும், அதன் பின்னரே தொலைவிற்கும் படிப்படியாகச் செல்லும் என்பது அவர்தம் கொள்கை. எனவே மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒரே துண்டாக அகற்றினார். 1894-இல் 50 நோயாளிகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை வியப்பிலாழ்த்தியது. அறுத்த இடத்திலேயே கட்டி மீண்டும் முளைத்தது நூற்றுக்கு 6 பேருக்குத்தான். அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர் பலரிடம் அது நூற்றுக்கு 50-க்கும் மேற்பட்டிருந்தது.

அறுத்த இடம் தூய்மையாயிருந்தும் நோயாளிகள் பலர் பின்னாளில் எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் தோன்றிய கிளைக் கட்டிகளால் மாண்டனர். "இன்னும் அகலமாக அறுத்திருக்க வேண்டும்" என்பதே பலரின் விடையாயிற்று. விலா எலும்பையும் கழுத்தெலும்பை ஒட்டிய கணுக்களையும் அகற்றும் அளவிற்குச் சிலர் சென்றனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இக்கொள்கை ஆட்சி செலுத்தியது. கை வீங்கி, தோள் உயராது, நெஞ்சு குழிந்து வாழ்ந்த பெண்கள் எண்ணிறந்தோர். அத்துணைத் துன்பமும் உயிரைக் காத்ததா என்று எவரும் முறையாக எண்ணிப் பார்க்கவில்லை.

நிலம் அறிந்து முளைக்கும் வித்து

ஹால்ஸ்டட் கத்தியை அகலமாக்குவதற்கு முன்பே, அவர் கொள்கைக்கு மாறான இரு குறிப்புகள் அச்சேறியிருந்தன. 1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர், புற்றால் இறந்த ஒருவரின் இரத்தத்தை உருப்பெருக்கியில் நோக்கி, கட்டியில் இருந்தவற்றை ஒத்த உயிரணுக்கள் அதில் மிதப்பதைக் கண்டார். அண்டைப் பகுதி, நிணநீர்க் கணு என்று படிப்படியாக ஏறிச்செல்லும் பொறுமை புற்றணுவிற்கு இல்லை என்பதை அது உணர்த்திற்று. அது நேரே குருதி வழியே பயணம் செய்யும்.

இரண்டாவது குறிப்பு 1889-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார். கல்லீரலில் கிளைக் கட்டி தோன்றியவர் 241 பேர். மண்ணீரலில் தோன்றியவர் 17 பேர் மட்டுமே. குருதியோட்டம் கொண்டு சேர்ப்பதுதான் காரணமெனில், குருதி மிகுதியாகப் பாயும் மண்ணீரலுக்கு இவ்விலக்கு வாய்த்தது எங்ஙனம்? செடி காய்க்கும்போது வித்துகள் எத்திசையிலும் சிதறும். தனக்கு இசைந்த நிலத்தில் விழுந்தவையே முளைக்கும் என்று அவர் விடை கண்டார்.

இவ்வுண்மையைத் தோட்ட மக்களுக்கு விளக்கப் பிற நாட்டுச் சான்று வேண்டுவதில்லை. கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. அங்குக் காப்பிப் பயிர் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, அதற்கு மாற்றாக ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனையை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவேயாயிற்று. காப்பிக்கு இசையாத மண் செம்பனைக்கு இசைந்தது. எங்கோ பிறந்த வித்து, தனக்கேற்ற மண்ணைக் கண்டதும் தாய்மண்ணைவிடச் செழித்தது. புற்றணுவின் பயணமும் இத்தகையதே என்பது பேஜட் கண்ட உண்மை.

இக்கருத்து பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்தது. எருசலேமில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு நடத்திய ஐசாயா ஃபிட்லர் அதனை எழுப்பினார். 1970-இல் அவர் கதிரியக்க அடையாளமிட்ட புற்றணுக்களைச் சுண்டெலிகளின் குருதிக் குழாயில் செலுத்தி, அவற்றின் கதி யாதாயிற்று என்று எண்ணினார். 24 மணி நேரத்திற்குள் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு எஞ்சவில்லை. கட்டியாக முளைத்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 1977-இல் மார்கரெட் கிரிப்கே என்பாருடன் அவர் நடத்திய மற்றோர் ஆய்வு, ஒரே கட்டிக்குள்ளேயே பரவும் ஆற்றல் மிக்கவையும் அற்றவையுமான அணுக்கள் கலந்திருப்பதைக் காட்டியது.

கத்தி பட்டாலும் படாவிட்டாலும் வித்துகள் சிதறிக்கொண்டேதான் இருக்கின்றன என்பது இதனால் பெறப்படும் முதல் உண்மை. சிதறுவன அனைத்தும் முளைப்பதில்லை என்பது இரண்டாவது. கட்டி உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் விதைப்பு நாளே. நாள் கடத்துவோர் கத்தியைத் தவிர்க்கின்றனரேயன்றி விதைப்பைத் தவிர்ப்பதில்லை.

உறங்கும் அணுவும் விழிக்கும் அணுவும்

ஆயினும் மக்களின் அச்சத்தில் மெய்யே இல்லை என்று கூறிவிட முடியாது. 1959-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரும் அவர் உடன்பிறந்தார் எட்வினும் ஒரு சோதனையை வெளியிட்டனர். எலிகளின் கல்லீரலுக்குச் செல்லும் குருதிக் குழாயில் 50 புற்றணுக்களை மட்டும் செலுத்தினர். வாளாவிடப்பட்ட எலிகளில் மாதங்கள் கடந்தும் கட்டி தோன்றவில்லை. மற்றோர் எலிக்கூட்டத்தின் வயிற்றை மீண்டும் மீண்டும் திறந்து கல்லீரலைத் தொட்டு மூடியபோது, அவற்றில் கட்டிகள் வளர்ந்தன. முன்னவற்றிலும் அணுக்கள் மடியவில்லை, உறங்கிக் கிடந்தன. அறுவை ஏற்படுத்திய புண்ணே அவற்றைத் தட்டியெழுப்பிற்று. காயத்தை ஆற்றுவதற்கு உடல் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் புற்றணுவிற்கும் உரமாகக்கூடும் என்று பின்னர் விளக்கப்பட்டது. களை பிடுங்கக் கிளறிய மண்ணில் புதைந்திருந்த வித்து முளைப்பதை ஒத்தது இது.

ஃபிஷர் இச்சோதனையிலிருந்து பெற்ற முடிவு அறுவையே கூடாது என்பதன்று. புற்று தொடக்கத்திலேயே உடல் முழுவதையும் தழுவிய நோயாக இருக்கக்கூடுமாயின், கத்தியின் அகலம் உயிரைத் தீர்மானிக்காது என்று அவர் கருதினார். கருத்தோடு நில்லாமல், எண்ணிப் பார்க்கவும் துணிந்தார். 1971 முதல் 1974 வரை 1665 பெண்கள் சேர்க்கப்பட்டனர். சீட்டுக் குலுக்குவது போல, மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ இடையிடாதவாறு அவர்கள் பிரிக்கப்பட்டனர். ஹால்ஸ்டட் வழியில் தசையோடு அகற்றப்பட்டோர் ஒரு சாரார். தசையை விட்டு மார்பகம் மட்டும் அகற்றப்பட்டோர் பிற சாரார். 25 ஆண்டுகள் கழித்து 2002-இல் கணக்கு முடிக்கப்பட்டபோது, அவர்களின் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும், 1976-இல் ஃபிஷர் தொடங்கிய அடுத்த ஆய்வும், சிறு கட்டியாயின் மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர் சிகிச்சை அளித்தால் போதும் என்று நிறுவின. எண்பதாண்டுக் கொள்கையை வீழ்த்தியது சொல்வன்மையன்று, எண்ணிக்கையே.

அடையாறும் மும்பையும்

மேலைநாடுகளில் சிறு கட்டியோடு வரும் பெண்களைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, தமிழகத்து மருத்துவர் எதிர்கொண்டது வேறொரு நிலை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அத்துயரே 1954 ஜூன் 18-ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையமாக உருவெடுத்தது. அவர் மைந்தர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதைத் தம் வாழ்நாட்பணியாக ஏற்றனர். அங்கு வந்தோருள் பெரும்பாலோர் முற்றிய நோயோடு வந்த ஏழைகள். எடுத்தவுடன் அறுப்பதற்கு இடமில்லாத கட்டிகளுக்கு முதலில் கதிரும் மருந்தும் தந்து சுருக்கி, அதன் பின்னரே அறுக்கும் முறையை அந்நிலையத்தார் வளர்த்தெடுத்தனர். வித்துகள் சிதறிவிட்ட பின் செடியை மட்டும் வெட்டிப் பயனில்லை என்னும் தெளிவு அம்முறையில் உண்டு. சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும் வரை அந்நிலைய வளாகத்திலேயே வாழ்ந்தார்.

அறுவை நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் புற்றணு யாது செய்கிறது என்னும் நுண்ணிய வினாவை எழுப்பியவர், மும்பையில் 1941-இல் நிறுவப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ராஜேந்திர பட்வே ஆவார். அவர்தம் குழுவினர் நடத்திய மூன்று ஆய்வுகள் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவன.

முதலாவது 2011-இல் வெளிவந்தது. 1000 பெண்களுள் ஒரு பாதியினருக்கு அறுவைக்கு 5 முதல் 14 நாள் முன்பாகப் புரொஜெஸ்டிரோன் ஊசி ஒன்று மட்டும் போடப்பட்டது. மொத்தக் கணக்கில் வேறுபாடு உறுதியாகத் தென்படவில்லை. ஆயின் நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தோரை மட்டும் தனித்து நோக்கியபோது, 5 ஆண்டுகள் உயிரோடிருந்தோர் ஊசி பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 76, பெறாதவருள் 67. ஒரு பகுதியினரிடம் மட்டும் கண்ட பயனாதலின் இதனை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் அறுவையின் வேளையே மருத்துவத்திற்குரிய வேளையாகலாம் என்னும் குறிப்பு அதில் இருந்தது.

இரண்டாவது 2015-இல் வெளிவந்தது. தொலை உறுப்புகளுக்கு நோய் பரவிய நிலையில் வந்து, மருந்துக்கு இணங்கிய 350 பெண்களுள் ஒரு பிரிவினருக்கு மார்புக் கட்டி அகற்றப்பட்டது, மற்றவர்க்கு அகற்றப்படவில்லை. இரு பிரிவினரின் ஆயுளும் ஒத்தே இருந்தது. இடைநிலை ஆயுள் முறையே 19.2, 20.5 மாதங்கள். அறுவை பெற்றோரின் மார்பில் நோய் அடங்கியது. ஆனால் தொலை உறுப்புகளில் அது மற்றவர்களைவிட விரைந்து வளர்ந்தது. எலிகளில் ஃபிஷர் கண்டதன் சாயல் மனிதரிடத்தும் தென்பட்டது. லயத்துப் பாட்டிகளின் அச்சத்தில் இருந்த மெய்யின் அளவு இதுவே. முற்றிப் பரவிய நோயில் கத்தி உயிரைக் காப்பதில்லை. காலம் கடந்து வந்தோரின் கதையைக் கண்டே மக்கள் அறுவையை எடைபோட்டனர்.

மூன்றாவது ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பல் பிடுங்கும் முன் ஈறில் போடப்படும் மரப்பு ஊசி மருந்தாகிய லிடோகைன் உலகெங்கும் மலிவாகக் கிடைப்பது. அதனை அறுவைக்கு 7 முதல் 10 நிமிடங்கள் முன்பாகக் கட்டியைச் சுற்றிலும் செலுத்தினர். புற்றணுவின் மேலுறையிலுள்ள சோடியம் வாயில்கள் அதன் நகர்ச்சிக்குத் துணைபுரிவன. லிடோகைன் அவற்றை அடைக்கும். நகரும் ஆற்றலை மரக்கச் செய்த பின் கத்தியை வைப்பதே இதன் உட்கருத்து. இந்தியாவின் 11 மருத்துவமனைகளில் 1583 பெண்களிடம் கண்ட கணக்கின்படி, 5 ஆண்டுகள் உயிரோடிருந்தோர் ஊசி பெற்றவருள் நூற்றுக்கு 90.1, பெறாதவருள் 86.4. நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர். எண்ணிக்கை சிறிதெனத் தோன்றும். அந்நால்வரின் இல்லங்களில் அது சிறிதன்று. பிற நாடுகளிலும் இம்முடிவு சோதித்து உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது அறிவியலின் முறைமை.

வாயும் கழுத்தும்

இதுகாறும் கூறியவற்றால், குறைவாக அறுப்பதே எப்பொழுதும் சிறந்தது என்று கொள்ளுதல் பிழையாகும். மலேசியத் தமிழரை மிகுதியாகத் தாக்கும் வாய்ப்புற்று இதற்கு மாறான பாடத்தைப் புகட்டுகிறது.

வெற்றிலைச் செல்லம் தோட்டத்து வீடுகளின் அணிகலனாக விளங்கிற்று. பால்வெட்டிற்கும் களையெடுப்பிற்கும் இடையே பசியை அடக்கியதும், உறவாடும் பொழுதில் கைமாறியதும் வெற்றிலையே. பலர் அதனோடு புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே உறங்கினர். 1966-இல் ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா ஆசிய நாடுகள் பலவற்றில் ஆராய்ந்து, இப்பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார்; மலாயாவும் அவ்வாய்வில் இடம்பெற்றது. 1976-இல் இராமநாதன் முதலிய மலேசிய ஆய்வாளர் வாய்ப்புற்று நோயாளிகளை இனவாரியாகக் கணக்கிட்டபோது, மக்கள்தொகையில் சிறுபான்மையினரான இந்தியர், நோயாளிகளிடையே அவ்வாறு சிறுபான்மையாக இல்லை. 1993, 1994-ஆம் ஆண்டுகளில் 11,697 பேரின் வாய்களைச் சோதித்த நாடளாவிய ஆய்வும், புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியரிடமும் சபா, சரவாக்கின் பழங்குடி மக்களிடமும் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. புகையிலை கலவாத வெற்றிலைப் பாக்கும் புற்றை விளைவிக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது.

வாய்ப்புற்றின் வித்து பெரும்பாலும் முதலில் அடைவது கழுத்தின் நிணநீர்க் கணுக்களையே. கழுத்தில் நெறி எதுவும் தட்டுப்படாத நோயாளிக்கு, வாய்க் கட்டியோடு கழுத்துக் கணுக்களையும் அப்பொழுதே அகற்றலாமா, அன்றி நெறி கட்டிய பின் அறுக்கலாமா என்பது நெடுநாள் வழக்காயிருந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையின் அனில் டிக்ரூஸ் குழுவினர் 2015-இல் அவ்வழக்கைத் தீர்த்தனர். 500 பேரின் கணக்கில், கழுத்தையும் உடனே அறுத்தவருள் 3 ஆண்டுகள் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 80, காத்திருந்தவருள் 67.5. இங்கே கூடுதலாக அறுத்ததே உயிர் காத்தது.

மார்பில் கத்தி சுருங்க வேண்டியிருந்தது. வாயில் அது கழுத்துவரை நீள வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டை விதிப்பது மருத்துவரின் துணிவோ நோயாளியின் அச்சமோ அன்று. அந்தந்த வித்தின் இயல்பும், அது நாடும் நிலத்தின் இயல்புமே விதிக்கின்றன. மலேசிய நோயாளிகளின் வாய்க் கட்டிகளிலிருந்தே அணுக்களை எடுத்து வளர்த்து அவற்றின் போக்கை அறியும் பணி, 2001-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் ஆய்வு அறநிறுவனம் முதலியவற்றால் இந்நாட்டில் மேற்கொள்ளப்பட்டது. வெற்றிலைப் பழக்கமுடைய மக்களின் நோயை, அப்பழக்கமில்லா நாடுகளின் கணக்கை மட்டும் கொண்டு அளத்தல் முறையாகாது என்பதை அறிஞர் உணர்ந்தமைக்கு இதுவே சான்று.

விதைப்பிற்கு முன்

பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று புஞ்சாக் ஆலாம் நகரம் எழுந்துள்ளது. 2021 முதல் அங்கே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை இயங்கி வருகிறது. டிரஸரின் சீட்டுக்காகக் காத்திருந்த காலமும், லாரியில் ஏறிக் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ சென்ற காலமும் கடந்துவிட்டன. தொலைவு குறைந்துவிட்டது, அச்சம் அதே விரைவில் குறைந்துவிட்டதாகக் கூறுவதற்கில்லை. தோட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோர் தட்டுமுட்டுப் பொருள்களோடு பழைய நம்பிக்கைகளையும் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுவந்துள்ளனர்.

நூற்றைம்பது ஆண்டு ஆராய்ச்சி அந்நம்பிக்கைக்குத் தரும் விடை தெளிவானது. புற்றைப் பரப்புவது கத்தியன்று; காலம். அறுவையின் வேளையில் வித்து விழித்தெழக்கூடும் என்பது மெய்யே. அம்மெய்யை மறைக்காது ஒப்புக்கொண்டமையாலேயே அதனை அடக்கும் வழிகளை மருத்துவர் தேடுகின்றனர். மார்பில் தட்டுப்படும் வலியில்லாக் கட்டி, வாயில் தோன்றும் வெண்தழும்பு அல்லது செந்தழும்பு, மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் ஆகியவை வித்து பெருகுமுன் நிலம் தரும் எச்சரிக்கைகள். வாய், கண்ணாடியின் முன் நின்று தானே காணக்கூடிய உறுப்பு. அதில் தோன்றும் நோயை முற்றவிட்டு வருவதைப் போன்ற இழப்பு வேறில்லை.

களையை எப்பொழுது பிடுங்க வேண்டும் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியாததன்று. அது பூத்து, வித்து முற்றிக் காற்றில் பறக்கும் வரை எவரும் காத்திருந்ததில்லை. வயலிலும் நிரையிலும் கடைப்பிடித்த அவ்வறிவை உடலின்பாலும் கடைப்பிடித்தால், கத்தி பட்டும் நெடுநாள் வாழ்ந்தவர்களின் கதை லயங்களில் பேசப்படும். பழைய அச்சத்தை வெல்ல வல்ல சான்று அதுவே.